அன்வர் அளந்த எழுபத்திரண்டு லிட்டர்

விதி இது: “ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் இரண்டு இறக்கை டாங்கிலும் அந்த விமானத்துக்குரிய அளவுக்குச்சியை விட்டு எரிபொருளை அளக்க வேண்டும். அளந்தவரே அளவை எழுதிக் கையெழுத்திட வேண்டும். விமானத்துக்குள் இருக்கும் முள்ளை மட்டும் நம்பிப் புறப்படக் கூடாது.”

எங்கள் விமானப் பயிற்சி நிலையத்தின் நடைமுறைக் கையேடு, நான்காம் அத்தியாயம். பார்க்காமலே சொல்கிறேன், அந்த அத்தியாயத்தை எழுதியவன் நான். என் பணிக்காலம் முழுவதிலும் இந்த விதியை ஒரு நாள்கூடத் தவறாமல் கடைப்பிடித்த ஒரே ஒருவனைத்தான் பார்த்திருக்கிறேன். அவன் அதை மீறினான் என்று எழுதித்தான் அவனை வீட்டுக்கு அனுப்பினோம்.

நிலையத்தில் இப்போது வேலை பார்க்கும் இளைஞர்கள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லிக் கேட்டார்கள். புது விமானங்களில் எத்தனை லிட்டர் மிச்சம், எத்தனை நிமிடம் பறக்கலாம் என்று திரையே சொல்லிவிடுகிறதாம். “உங்க காலத்துல குச்சி விட்டு அளப்பீங்களாமே சார், அதப் பத்தி ஜாலியா எழுதுங்க” என்றார்கள். குச்சியைப் பற்றி எழுதுகிறேன். ஜாலிக்கு உத்தரவாதம் இல்லை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. டிப்ளமா, பெங்களூரில் மூன்று வருடம், இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறிய உரிமத் தேர்வு, அவ்வளவுதான். செங்கல்பட்டுக்கு மேற்கே போர்க்காலத்தில் போட்டுக் கைவிட்ட ஓடுதளம் ஒன்றில் தனியார் சிலர் பயிற்சி நிலையம் ஆரம்பித்தபோது பராமரிப்புப் பொறியாளனாகச் சேர்ந்தேன். இரண்டு விமானங்கள். ஒன்று இரண்டு பேர் உட்காரும் சின்னது. மற்றது நான்கு பேர் உட்காரும் பெரியது. ஓடுதளத்தில் ஆடுகளை விரட்ட ஒரு ஆள், அவருக்கு ஒரு சைக்கிள்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள், சின்ன விமானத்தின் ஒரு நட்டில், அது கழலாமல் கட்டும் பூட்டுக்கம்பி இல்லை என்று பறக்க விடாமல் நிறுத்திவிட்டேன். மகன் பறப்பதைப் பார்க்கக் குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெரிய மனிதர் நான்கு மணி நேரம் வெயிலில் நின்றார். நான் கையெழுத்துப் போடவில்லை. அந்தக் கதையைப் பல வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு நடந்ததைச் சொன்னதில்லை.

எங்கள் தலைமைப் பொறியாளர் வேணுகோபால் சார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எந்தக் காகிதத்தையும் வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே படிப்பார். படித்து முடித்ததும் பேனாவை மூடுவார். பிடித்த காகிதம் டிரேயில் போகும். பிடிக்காதது மேஜைமேல் குப்புறப் படுக்கும். அப்படிப் படுத்தது மறுபடி எழுந்து நாங்கள் பார்த்ததில்லை. யாருக்கும் அவர் உத்தரவு போட்டதும் இல்லை. செய்ய வேண்டியதைப் பாதி சொல்லி நிறுத்திவிட்டு, “உங்களுக்குத் தெரியாததா, சம்பந்தம்?” என்று என்னைப் பெயர் சொல்லிக் கேட்பார். கேட்கும்போது பாராட்டு மாதிரி இருக்கும். விசாரணை என்று வந்தால், அவர் எதுவும் சொல்லவில்லை, நமக்கே தெரிந்து நாம் செய்தோம் என்றுதான் முடியும். இது ஒரு நிர்வாகத் திறமை. எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

இனி குச்சிகள். சின்ன விமானங்களில் எரிபொருள் முள் என்பது சுவரில் மாட்டிய படம் மாதிரி, அழகுக்கு இருக்கும். நம்பக் கூடாது. அதனால் இறக்கைமேல் ஏறி, மூடியைத் திறந்து, மரக்குச்சியை விட்டு, நனைந்த இடத்தில் இருக்கும் எண்ணைப் படிப்போம். சின்ன விமானத்துக்கும் பெரியதுக்கும் டாங்க் அளவு வேறு என்பதால் குச்சியும் வேறு. நீளம் மட்டும் ஏறக்குறைய ஒன்று. சின்னதின் குச்சிக்குச் சிவப்புப் பெயிண்ட். பெரியதின் குச்சி வெறும் மரம். விமானம் நிறுத்தும் ஹாங்கரின் கதவருகே இரண்டும் தொங்கும். “சிவப்பு சின்னது” என்று முதல் நாளே ஒவ்வொரு மாணவருக்கும் நானே சொல்லிக்கொடுப்பேன்.

ஆனால் குச்சியைத் தொடுகிறவர்கள் குறைவு. எங்களிடம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. நேற்று லாக் புத்தகத்தில் இருந்த அளவிலிருந்து பறந்த நேரத்துக்கான செலவைக் கழித்து இன்றைய அளவாக எழுதிவிடுவார்கள். ஏணியைத் தேட வேண்டாம், இறக்கையில் ஏறிச் சட்டையை அழுக்காக்க வேண்டாம். பயிற்சி ஆசிரியர்களே இதைச் செய்தார்கள். நானும் பார்த்தும் பார்க்காமலும் இருந்தேன்.

அன்வர் மட்டும் ஏறுவான். படாளத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரம் டயர்க் கடை வைத்திருந்த காதர் பாயின் ஒரே மகன். வணிக விமானி உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தால் மற்ற மாணவர்கள், “டேய், பஞ்சர் பாய் காத்து செக் பண்ண வந்துட்டாரு” என்பார்கள். “ஆமா மச்சான், உன் தலையில கூட ஒரு தபா காத்து செக் பண்ணணும்” என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு ஏறுவான்.

1998. வருடாந்தர ஆய்வுக்கு அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று தகவல் வந்ததும் வேணுகோபால் சார் நிலையம் முழுக்கப் பெயிண்ட் அடிக்க ஏற்பாடு செய்தார். தூண், தீயணைப்பு வாளி, ஏணி, கருவிப் பலகை எல்லாவற்றுக்கும் அடித்தார்கள். பெயிண்டர் நல்ல உழைப்பாளி. இரண்டு குச்சிகளுக்கும் சேர்த்துச் சிவப்பு அடித்துவிட்டார். எண்கள் ஆழமாகச் செதுக்கியவை, தப்பித்தன. எந்த விமானத்தின் குச்சி என்று மையால் எழுதியிருந்தது மறைந்துவிட்டது.

நான் பார்த்தேன். போய்ச் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

“பளபளன்னு இருக்கு சம்பந்தம். அது மேல இப்பப் போய் மையால எழுதினா வர்றவங்களுக்கு அசிங்கமாத் தெரியாதா? ஆய்வு முடியட்டும். உங்களுக்குத் தெரியாததா?”

எனக்குத் தெரிந்தது. அங்கிருந்தவர்களிடம், இடது ஆணியில் தொங்குவது பெரியது, வலது ஆணியில் இருப்பது சின்னது என்று வாயால் சொல்லிவைத்தேன். அன்வர் அப்போது மஞ்சள் காமாலையில் படாளத்தில் படுத்திருந்தான்.

ஆய்வு நடந்தது. சுத்தத்துக்குத் தனியாகப் பாராட்டு எழுதிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை, ஆய்வோடு சேர்த்து அனுப்ப வேண்டிய உறுதிமொழிப் படிவத்தை நான் நிரப்பிக்கொண்டிருந்தேன். அறுபதுக்கு மேல் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. “அளவுக் கருவிகள் யாவும் அடையாளமிடப்பட்டுள்ளனவா?” என்று ஒரு கேள்வி. ஆம் என்று எழுதினேன். படிவத்தை முடித்துவிட்டு எழுந்துபோய்க் குச்சிகளில் எழுதிவிடுவதாகத்தான் இருந்தேன். அப்படிப் பார்த்தால் அது பொய் இல்லை, அரை மணி நேரம் முந்திச் சொன்ன உண்மை. இப்படியெல்லாம் எனக்கு நன்றாக வாதாட வரும்.

அன்வர் வாசலில் வந்து நின்றான். காமாலை தேறி, மருத்துவச் சான்றிதழோடு அன்றுதான் திரும்பியிருந்தான். சிதம்பரம் வரை போய், கடற்கரையோரமாக வடக்கே வந்து, மாமல்லபுரத்தில் மேற்கே திரும்பி ஓடுதளத்துக்கு வர வேண்டிய தனிப் பயணம் அவனுக்கு. இரண்டு மணி நேரம்.

“சார், லாக்ல நாப்பத்தஞ்சு லிட்டர்னு கீது. குச்சி ஒரு டாங்குக்கு முப்பத்தாறு காட்டுது. ரெண்டும் சேந்தா எழுவத்திரண்டு. எத எழுதறது?”

நான் நிமிரவில்லை. “லாக்கு இவங்க கழிச்சுக் கழிச்சு எழுதினது. நேத்து யாராவது ஊத்தினத எழுதாம விட்டிருப்பாங்க. நீ குச்சிய நம்பு.”

“சரி சார்.”

அவன் எழுபத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டான். மூன்று மணி நேரத்துக்குப் போதும் என்ற கணக்கில் புறப்பட்டான். இரண்டு டாங்கிலும் சேர்த்து நாற்பத்தைந்துதான் இருந்தது. லாக் புத்தகம் அந்த மாதத்தில் உண்மை சொன்னது அன்று ஒரு நாள்தான்.

அணுமின் நிலையம் இருக்கும் கல்பாக்கத்துக்கு மேலே பறக்கத் தடை உண்டு. அதைச் சுற்ற, திரும்பும் வழியில் உள்பக்கமாக வந்திருக்கிறான். அவன் வீட்டுக்கு மேலேயே, படாளத்தைத் தாண்டும்போது ஓடுதளம் எட்டு நிமிட தூரம். எரிபொருள் முள் அடிமட்டத்தைக் காட்டியிருக்கும். முள்ளை நம்பாதே என்று நாங்கள்தானே சொல்லிக்கொடுத்தோம். மாமல்லபுரம் கட்டாயம் கடக்க வேண்டிய சோதனைப் புள்ளி என்று பயணத் திட்டத்தில் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதை விட்டுவிட்டு வீடு திரும்பியிருப்பார்கள். இவன் கிழக்கே திரும்பிக் கடலோரம் போனான். மேற்கே வளைவதற்குள், மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலிக்குப் பக்கத்தில் இன்ஜின் நின்றது.

செய்தி வந்ததும் ஜீப்பில் கருவிப்பெட்டி, கேன், அன்வர் அளந்துவிட்டு ஏணியருகே வைத்துப்போன குச்சி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போனேன். அன்வரை அதற்குள் ஒரு வேனில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். விமானம் அலை ஓரத்தில் மல்லாந்து கிடந்தது. மேல்மணலில் கருவாடு காயப்போட்டிருந்த பெண்களையும் வலை சரிசெய்துகொண்டிருந்தவர்களையும் பார்த்து, ஈர மணலில் தண்ணீரை ஒட்டி இறக்கியிருக்கிறான். ஒரு அலை முன்சக்கரத்தை வாங்கிவிட்டது.

கருவாடு காயப்போட்ட பெண்களில் அஞ்சலை என்று ஒருவர் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

“நீதான் ஏரோப்ளேன்காரனா? வெடிக்கும்னு நாங்கல்லாம் ஓடிட்டோம். அப்பால பாத்தா ஒரு சொட்டு ஒழுவல. ஒரு வாடை இல்ல. இன்னாய்யா, பெட்ரோலு ஊத்தாமயா மேல வுட்டீங்க? எங்க ஊட்டுக்காரு போட்டுக்கே டீசல் எவ்ளோ கீதுன்னு கொம்பு வுட்டுப் பாத்துட்டுதான் கடலுக்குப் போவாரு.”

“பையன் எப்படி இருந்தான்மா?”

“வாயெல்லாம் ரத்தம். தாடை தொங்கிப்போச்சு. அப்பவும் சும்மா இல்ல, வெரல வெரலக் காட்றான். மூணு வெரலு, அப்பறம் ஆறு. திருப்பி மூணு, ஆறு. இன்னாடா ராசா சொல்றேன்னு கேட்டா அழுவறான்.”

நான் கையிலிருந்த குச்சியைப் பார்த்தேன். எல்லோரும் குச்சியில் நனைந்த இடத்தைத்தான் பார்ப்போம். மேல்நுனியை யாரும் பார்ப்பதில்லை. அங்கே கடைசி எண் எண்பது என்று இருந்தது. சின்ன விமானத்தின் ஒரு டாங்கில் ஐம்பது லிட்டர்கூடப் பிடிக்காது. அது பெரிய விமானத்தின் குச்சி.

அன்று மாலையே நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டுபோய் வேணுகோபால் சாரிடம் கொடுத்தேன். ஸ்கேலை வைத்து வரிவரியாகப் படித்தார். பேனாவை மூடினார். என் காகிதத்தைக் குப்புறப் போட்டார். டிரேயிலிருந்து என் உறுதிமொழிப் படிவத்தை எடுத்து, அந்தக் கேள்விக்கு அடியில் ஸ்கேலை வைத்து என் பக்கம் திருப்பினார்.

“இது உங்க கையெழுத்துதானே? இன்னிக்கு மத்தியானத் தபால்ல ஒரு பிரதி போயிடுச்சு.” படிவத்தை மறுபடி டிரேயில் வைத்தார். “நாளைக்கு விசாரணைக்கு வர்றாங்க. குச்சியெல்லாம் ஒழுங்கா இருக்கணும். உங்களுக்குத் தெரியாததா?”

உரிமம் போனால் எனக்கு வேறு வேலை தெரியாது. அன்றைக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. பெரியதின் குச்சியிலிருந்த பெயிண்டைச் சுரண்டி வெறும் மரமாக்கினேன். இரண்டிலும் பெயர் எழுதினேன். என் எழுத்து எப்போதும் அழகாக இருக்கும்.

விசாரணை அதிகாரி பொறுமையானவர். குச்சிகளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “விபத்து நடந்த அன்றும் இவை இப்படியேதான் இருந்தனவா?” என்று கேட்டார். நான் “ஆமாம்” என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே சிறிய வேலை அதுதான்.

அன்வருக்குத் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். முதுகுத்தண்டில் இரண்டு எலும்புகள் நசுங்கியிருந்தன. பேச முடியாததால் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தான். சிவப்புக் குச்சியால் இரண்டு டாங்கையும் அளந்தேன், டாங்குக்கு முப்பத்தாறு, குச்சிமேல் பெயர் இல்லை. அவ்வளவுதான். என்னிடம் வந்து கேட்டதையோ, நான் சொன்னதையோ அதில் எழுதவில்லை. அதிகாரி அந்தக் காகிதத்தை என்னிடம் காட்டியபோது நான் என் பெயரைத் தேடினேன். இல்லை என்றதும் எனக்கு வந்தது நிம்மதிதான். இதையும் எழுதிவிடுகிறேன்.

இறுதி அறிக்கை இப்படி முடிந்தது: எரிபொருள் தீர்ந்ததே விபத்துக்குக் காரணம். குச்சிகள் முறையாக அடையாளமிடப்பட்டிருந்தன. லாக்கில் இருந்த அளவு பயணத்துக்குப் போதாது என்பதால், மாணவ விமானி அளக்காமலே எழுபத்திரண்டு லிட்டர் என்று பொய்யாகப் பதிவு செய்திருக்கிறார். உரிமத்துக்கான அனுமதி ரத்து. அந்த நிலையத்தில் உண்மையாக அளந்த ஒரே ஆள், அளக்கவில்லை என்று அரசு முத்திரையோடு தீர்ப்பாயிற்று.

நான் 2004இல் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள். பூட்டுக்கம்பிக் கதையை யாரோ மேடையில் சொன்னார்கள். அடுத்த வாரம் பேருந்து ஏறிப் படாளம் போனேன்.

கடையில் அன்வர் ஒரு லாரி டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் கூனியிருந்தான். காதர் பாய் உள்ளே நாற்காலியில் இருந்தார். இருவரையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெயிண்ட், படிவம், குச்சிய நம்பு என்றது, ஆமாம் என்றது.

அன்வர் காற்றுக் குழாயைக் கீழே வைத்தான். “ஆறு வருசம் ஆச்சு சார்.”

“நான் சொன்னத நீ ஏம்பா எழுதல?”

“நீங்க ஃபாரம் எழுதிக்கினு இருந்தீங்க. நிமிந்தே பாக்கல. நீங்க பாக்காத ஒண்ண, நீங்க பாத்துட்டுச் சொன்ன மாதிரி நா எப்டி எழுதறது? நீங்களே வந்து சொல்வீங்கன்னு நெனச்சேன்.”

காதர் பாய் என் பக்கம் திரும்பினார். “நீங்க நல்ல மனுசன் சார். இவன் இப்டிக் கீறானேன்னு எரக்கப்பட்டு, உங்க மேல போட்டுக்கினு வந்து சொல்றீங்க.”

“இல்ல பாய். இதுதான் நடந்தது.”

“சீல் போட்ட காயிதத்துல வேற மாதிரில்ல கீது? அன்னிக்கி ஆபீசர் கேட்டப்ப நீங்க சொன்னதும் அதுல கீது. இப்ப வேலைய வுட்டு வந்து வேற சொல்றீங்க. எத நம்பறது?” மகன் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “தொழுவிட்டு வர்ற வழியில, பொய் எழுதி ஏரோப்ளேன கவுத்தவனப் பெத்த அத்தா இவருன்னு என் காதுபடப் பேசறாங்க. நா கூட ஒரு நாள் கேட்டுட்டேன், நெசமா அளந்தியாடான்னு. அதுக்கப்பறம் இவன் எங்கிட்ட சரியாப் பேசறதில்ல.”

பேருந்துக்கு என்னோடு நடந்து வந்தபோது அன்வர் சொன்னான்: “எனக்கு லைசென்ஸ்லாம் வாணாம் சார். இந்த முதுவ வச்சிக்கினு யாரு குடுக்கப் போறான். அத்தாவுக்கு ஒரு காயிதம் வோணும். நா அளந்தேன்னு. சீலோட.”

அன்றிரவே துறைக்கு எழுதினேன். என் பொய்ச் சாட்சியம், அதற்கான காரணம், குச்சியின் அளவு, அறிக்கையைத் திருத்தும்படி வேண்டுகோள். மூன்று பிரதிகள், பதிவுத் தபால், ஒப்புகைச் சீட்டு. மூன்று மாதத்துக்கு ஒரு நினைவூட்டல். அதற்கான விதிமுறைகள் எனக்கு அத்துப்படி. தகவல் உரிமைச் சட்டம் வந்ததும் அதன்படியும் எழுதினேன். ஒவ்வொரு முறையும் படாளத்துக்குப் போன் செய்து சொல்வேன். “சரி சார்” என்பான். பேசும் தொனியில் ஒரு மாற்றமும் இருக்காது.

கடைசியில் பதில் வந்தது. ஆங்கிலத்தில், ஐந்து வரி. சம்பந்தப்பட்ட கோப்பு பாதுகாப்புக் காலம் முடிந்து விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டது. கோப்பு இல்லாததால் மறுபரிசீலனைக்கு இடமில்லை. அறிக்கையின் முடிவு மட்டும் தொடர்ந்து செல்லுபடியாகும். கீழே கையெழுத்து, ஊதா நிறத்தில் வட்ட முத்திரை. காரணங்களை அழித்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் வைத்திருக்கிறார்கள். குறை சொல்ல முடியாது, விதி அப்படித்தான்.

அன்று பிற்பகலே எடுத்துக்கொண்டு போனேன். அன்வர் கடை வாசலில் நின்றபடி இரண்டு முறை படித்தான். பிறகு அதைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தைக் கல்லாமேல் வைத்துப் பேனாவை நீட்டினான்.

“தமிழ்ல எழுதுங்க சார். அத்தா தமிழ் படிப்பாரு.”

எழுதினேன். அன்வர் இரண்டு டாங்கையும் அளந்தான். அவனிடம் கொடுக்கப்பட்ட குச்சி தவறானது. அது தவறாக இருந்ததற்குப் பொறுப்பு நான். அவன் வந்து கேட்டபோது பார்க்காமலே சரி என்று சொன்னதும் நான். அவன் எழுதியதில் பொய் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.

காதர் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடு அசைய மெதுவாகப் படித்தார். கடைசி வரியை இரண்டு முறை படித்தார்.

“சீல் எங்கடா?”

அன்வர் என்னைப் பார்க்கவில்லை. “முன்பக்கம் கீது அத்தா.”

பாய் காகிதத்தைத் திருப்பினார். புரியாத ஐந்து வரிகளைத் தாண்டி, ஊதா வட்டத்தின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். மறுபடி திருப்பி என்னிடம் கொடுத்தார்.

“கையெழுத்து கீது. தேதி போடல பாருங்க.”

வாங்கிப் போட்டேன். 19.11.2007.